ஒண்ணாச் சேத்து, ரெண்டாப் பிரிச்சு

வாடா பேராண்டி, உக்காரு. காலையிலேர்ந்து லேப்டாப்ப மடியில வச்சுகிட்டு, "மெர்ஜ் பண்றேன் தாத்தா, ஸ்பிலிட் பண்றேன் தாத்தா"ன்னு பெருமை அடிச்சுகிட்டு இருக்க. செந்துறைப் பக்கம் பொறந்து வளந்தவனுக்கு அந்த ரெண்டையும் நீ சொல்லித் தரணுமா?

எனக்குக் கல்யாணம் ஆனப்ப நான் திருச்சி ஜில்லாக்காரன். 1995-ல திருச்சியப் பிரிச்சு பெரம்பலூர் ஜில்லான்னாங்க. சரின்னு பெரம்பலூர்க்காரன் ஆனேன். 2001 ஜனவரி 1-ம் தேதி, பெரம்பலூரப் பிரிச்சு அரியலூர்னாங்க. அதுக்கும் சரின்னேன். புது அட்ரஸ எழுதின மை காயல, 2002-ல அரியலூரத் திரும்பக் கொண்டுபோயி பெரம்பலூரோட சேத்துட்டாங்க. 2007 நவம்பர் 23-ம் தேதி மறுபடியும் பிரிச்சாங்க. பன்னண்டு வருசத்துல நாலு தடவ ஜில்லா மாறினவன்டா நான். இந்தத் திண்ணைய விட்டு ஒரு அடி நகரல. எங்கள மாதிரி மெர்ஜும் ஸ்பிலிட்டும் ஆன ஃபைலு உன் லேப்டாப்புல ஒண்ணு இருந்தாக் காட்டு, பாப்போம். இதுல ரப்பர் ஸ்டாம்பு செய்றவன் மாடி கட்டினதுதான் மிச்சம்.

அப்பவே ஒண்ணு புரிஞ்சுது. சேக்குறதும் பிரிக்கிறதும் பெரிய வித்தையில்ல. சேக்குற நேரத்துல கட்டு யாரு கையில இருக்குங்கறதுதான் சங்கதி.

நீ என்ன பண்ணின, சொல்லு. படிப்புக் கடன் கேட்டு பேங்க்குக்கு எழுதணும். அப்பன் பேருல இருக்குற பட்டா, வில்லங்கச் சான்று, வருமானச் சான்று, உன் ஆதார், மார்க் ஷீட்டு, இந்த அஞ்சையும் ஒரே பிடிஎஃப்பா, 2 எம்பிக்குள்ள அனுப்பச் சொல்லிட்டாங்க. கூகுள்ல "ஃப்ரீ பிடிஎஃப் மெர்ஜ்"னு அடிச்ச. மொதல்ல எது வந்துச்சோ அதத் தொட்ட. அஞ்சையும் உள்ள தள்ளின. ஒண்ணாகி வெளிய வந்துச்சு. "பாத்தியா தாத்தா, ஓசியிலயே முடிஞ்சுது"ன்னு நெஞ்ச நிமித்தின.

சந்தோசம். ஃபைலு எங்க போயி ஒண்ணாச்சு? "சர்வர்ல." அது எந்த ஊர்ல இருக்கு? "தெரியல." யாரோடது? "தெரியல." கூலி எவ்வளவு? "ஒண்ணும் இல்ல." ஏண்டா, சைக்கிளுக்குக் காத்தடிக்கவே அஞ்சு ரூபா கேக்குற காலத்துல, முன்ன பின்ன தெரியாதவன் ஒருத்தன் உன் சொத்துக் காகிதத்த வாங்கி சும்மா தச்சுத் தர்றான்னா, நூலு வாங்க அவனுக்குக் காசு எங்கேர்ந்து வருதுன்னு ஒரு நிமிசம் யோசிக்க மாட்டியா? ஓசியில குடுத்தா பினாயிலையும் குடிப்பான்னு ஒங்க மாதிரி ஆளப் பாத்துதான் சொல்லி வச்சிருக்கானுவ.

நான் தலையாரி வேலைக்கு வந்த புதுசுல ஊர்க் கணக்கெல்லாம் கர்ணம் வீட்டுப் பெட்டியிலதான் இருக்கும். நிலம் உன்னோடது. பேரும் உன்னோடது. ஆனா அந்த நோட்டப் பாக்கணும்னா அவரு வாசல்ல நிக்கணும். வெறுங்கையோடயும் நிக்க முடியாது. ஒரு பரங்கிக்காயி, ஒரு சேவலு. காசு வாங்கினாரான்னா, வாங்கலியே! அதுவும் ஓசிதான். எவனுக்கு எங்க கடன், எந்தக் கொல்லையில எவனுக்கு வரப்புத் தகராறு, எல்லாம் அந்தப் பெட்டிக்குள்ள இருக்கும். பெட்டிய வச்சிருந்தவன் ஊரையே வச்சிருந்தான். 1980 நவம்பர்ல எம்ஜிஆரு பரம்பரை மணியம், கர்ணம் வேலைய ஒழிச்சாரு. அப்புறம்தான் விஏஓ வந்தாங்க. ஒழிஞ்சு நாப்பத்தஞ்சு வருசம் ஆகுது. நீ என்னடான்னா கண்ணுக்கே தெரியாத கர்ணம் ஒருத்தனத் தேடிப் புடிச்சு, பெட்டியையும் நீயே தலையில சொமந்துகிட்டுப் போயிக் குடுத்துட்டு வர்ற. சேவலு ஒண்ணுதான் பாக்கி.

எல்லாரையும் திருடன்னு சொல்ல மாட்டேன். பார்சிலோனாவுல ஐலவ்பிடிஎஃப்னு ஒரு கம்பெனி, சுவிட்சர்லாந்துல ஸ்மால்பிடிஎஃப்னு ஒரு கம்பெனி. பேரு போனவங்க. வந்த ஃபைல 2 மணி நேரத்துல அழிச்சுடுவோம்னு ஒருத்தரு, 1 மணி நேரத்துலன்னு இன்னொருத்தரு எழுதியே வச்சிருக்காங்க. நம்புறவன் நம்பலாம். ஆனா அவங்க பேரு மாதிரியே பேரு வச்சுகிட்டு, விளம்பரத்துக்குக் காசு கட்டி வரிசையில முன்னால வந்து நிக்கிறவன் எழுதி வச்சதையும் நீ நம்பிடுவியே, அதுதான் என் கவலை. 2025 மார்ச்சுல அமெரிக்காவுல டென்வர் ஊரு எஃப்பிஐ ஆபீசு இதத்தான் தண்டோராப் போட்டுச்சு. ஓசியில ஃபைல மாத்தித் தர்றோம்னு கடை விரிக்கிறானுவ, கூடவே வைரசையும் வச்சு அனுப்புறானுவ, ஃபைல்ல இருக்குற அடையாள நம்பரு, பேங்க் விவரம் எல்லாத்தையும் உருவுறானுவன்னு. டென்வர்ல அடிச்ச தமுக்கு செந்துறைக்கு எங்க கேக்கப் போவுது!

டென்வர் வரைக்கும் எதுக்கு? போன மாசம் ஒரு டிடிபி கடைக்குப் போனேன். எந்த ஊரு, எந்தக் கடைன்னு கேக்காத, பாவம், நல்ல புள்ள. என் ஆதார டவுன்லோடு பண்ணி பிரிண்டு எடுக்கணும். அவன் ஒரு மஞ்சப் பெட்டியத் தொறந்தான். "டவுன்லோட்ஸ்"னு எழுதியிருந்துச்சு. தொறந்தா, மேலேர்ந்து கீழ வரைக்கும் ஆதாரு, பட்டா, சாதிச் சான்று, கல்யாணப் பத்திரிகை, கொழந்தையோட பொறப்புச் சான்று. "ஏம்ப்பா, இதெல்லாம் யாரோடது?"ன்னேன். "பிரிண்டு எடுக்க வந்தவங்களோடது பெரியப்பா, அழிக்க நேரமில்ல"ன்னான். பக்கத்துலயே வாட்ஸப்பு தொறந்து கெடக்கு. "இந்த நம்பருக்கு அனுப்புங்க"ன்னு சுவத்துல ஒட்டியிருக்குற நம்பரு. ஊரே அனுப்பியிருக்கு. நான் தலையாரியா இருந்து முப்பது வருசத்துல பாக்காத ஊர்க் கணக்க அந்தப் பய ஒரு கிளிக்குல வச்சிருக்கான். அவன் நல்லவன்தான். கடைய நாளைக்கு யாருக்கு விக்கப் போறான்னு அவனுக்கே தெரியாது.

இப்ப, "அப்ப என்னதான் தாத்தா பண்றது, பனை ஓலையில எழுதிக் குடுக்கவா?"ன்னு கேப்ப. கேளு.

மொளகாப்பொடி அரைக்க ரெண்டு வழி இருக்கு. மில்லுக்குத் தூக்கிட்டுப் போலாம், வீட்டு அம்மியில அரைக்கலாம். மில்லுல சீக்கிரம் ஆவும். ஆனா உனக்கு முன்னால அரைச்சவன் மல்லி உன் பொடியில வரும், உன் மொளகா கொஞ்சம் மில்லுல தங்கும். அம்மின்னா கை வலிக்கும், ஆனா ஒரு துளி வெளிய போவாது. பிடிஎஃப்புக்கும் இந்த ரெண்டு வழிதான். ஃபைல அவன் சர்வருக்குத் தூக்கிட்டுப் போயி அரைக்கிறது மில்லு. ஃபைலு உன் லேப்டாப்ப விட்டு நகராம, பிரவுசருக்குள்ளயே வேலை முடியிறது அம்மி. மில்லுலயும் "இழுத்துப் போடு"ன்னு ஒரு கட்டம் இருக்கும், அம்மியிலயும் அதே கட்டம் இருக்கும். வெளியிலேர்ந்து பாத்தா வித்தியாசம் தெரியாது. அதுலதான் உன்ன மாதிரி படிச்சவன் எல்லாம் கவுந்துடுறான்.

பிரவுசருக்குள்ளயே எப்படி முடியும்ங்கிற? பிடிஎஃப்புங்கறது நம்ம சாத்தனூர் கல்மரம் மாதிரி. பன்னண்டு கோடி வருசத்துக்கு முந்தின மரம், 18 மீட்டர் நீளம், கல்லாவே படுத்துக் கெடக்கு. எவன் வந்து எந்தப் பக்கம் நின்னு பாத்தாலும் அதே மரம். வேர்டு ஃபைலு உசிரு இருக்குற மரம்டா. இன்னொரு கம்ப்யூட்டருக்குக் கொண்டுபோனா எலை உதிரும், தமிழ் எழுத்து கட்டம் கட்டமா நிக்கும். அந்தக் கொடுமைக்குத்தான் 1993-ல அடோபி கம்பெனி இந்தக் கல்ல வெளியிட்டுச்சு. 2008-ல அது ஐஎஸ்ஓ தரமாயிடுச்சு. அதுக்கப்புறம் அது ஒரு கம்பெனியோட சொத்தில்ல. உள்ள என்ன எப்படி அடுக்கியிருக்குன்னு எவன் வேணாலும் படிச்சுட்டு உளி செய்யலாம். 2011-ல மொசில்லாக்காரங்க ஜாவாஸ்கிரிப்டுலயே ஒரு உளி செஞ்சாங்க, பிடிஎஃப்.ஜேஎஸ்னு பேரு. 2013-லேர்ந்து அது ஃபயர்பாக்ஸுக்குள்ளயே உக்காந்திருக்கு. அப்புறம் வெப்அசெம்பிளின்னு ஒண்ணு வந்துச்சு. பெரிய பெரிய கருவியெல்லாம் பிரவுசருக்குள்ளயே ஓடுற மாதிரி பண்ணிடுச்சு. ஆக, அம்மி உன் வீட்டுலயே கெடக்கு. நீதான் அதத் துணி காயப் போட வச்சிருக்க.

உன் லேப்டாப்புல குரோம் இருக்குல்ல? பட்டா பிடிஎஃப்ல ரெண்டாவது பக்கம் மட்டும் வேணுமா? அதுலயே தொற, பிரிண்டக் குடு, பிரிண்டரு எடத்துல "சேவ் ஆஸ் பிடிஎஃப்"னு மாத்து, பக்கம் எடத்துல 2-ன்னு போடு. முடிஞ்சுது ஸ்பிலிட்டு. எவன் வீட்டுக் கதவையும் தட்டல. ஃபாரத்துல பேரு எழுதணுமா, கிறுக்கணுமா? கம்ப்யூட்டர்ல ஃபயர்பாக்ஸு 2022-லேர்ந்து அதையும் செய்யுது. சேக்கணும்னாதான் தனிக் கருவி. பென்டோபிடிஎஃப்னு ஒண்ணு இருக்கு. ஃபைல வெளிய அனுப்பாம பிரவுசருக்குள்ளயே செய்யிறது. கொழம்புல என்ன போட்டோம்னு சமையல் குறிப்பையே வாசல்ல ஒட்டி வச்சிருக்காங்க, தெரிஞ்சவன் படிச்சுப் பாக்கலாம். போட்டோவச் சின்னதாக்க கூகுள்காரங்க செஞ்ச ஸ்கூஷ் இருக்கு, அதுவும் அம்மிதான். பள்ளிக்கூடம், ஆபீசுன்னு நாலு பேரு பொழங்குற எடமா? ஸ்டெர்லிங் பிடிஎஃப்ப அவங்க கம்ப்யூட்டர்லயே ஏத்தி வச்சுக்கலாம், ஊர்ப் பொது உரலு மாதிரி.

இத எல்லாம் தாத்தா சொன்னாருன்னு நம்பிடாத. நான் சொன்னதையும் சோதிச்சுப் பாரு. மொதல்ல அந்தப் பக்கத்தத் தொறந்து, உதவாத காகிதம் ரெண்டப் போட்டு, கல்யாணப் பத்திரிகையோ கரண்டு பில்லோ, ஒரு தடவ சேத்துப் பாரு. கருவி முழுசா உள்ள வந்து உக்காந்துடும். அப்புறம் வைஃபைய அணை. இப்ப நெசமான ஃபைலப் போடு. நெட்டு இல்லாமலே சேந்து வந்துச்சுன்னா அது அம்மி. முழிச்சுகிட்டு நின்னா, பெரும்பாலும் மில்லு. வேலை முடிஞ்சதும் அந்தப் பக்கத்த மூடிட்டு அப்புறம் நெட்டப் போடு. மாப்பிள்ளை பாக்கப் போறப்ப கல்யாணத் தரகன எப்படி வெளிய அனுப்பிட்டு, மாப்பிள்ளைகிட்ட தனியா நாலு கேள்வி கேப்போமோ, அப்படித்தான்.

அம்மிக்கும் ஒரு அளவு இருக்கு. 300 பக்க ஸ்கேனப் போட்டுட்டு, "போன் சூடாவுது தாத்தா"ன்னு வராத. கல்யாண வீட்டு மாவ அம்மியில அரைக்க முடியாது.

அடுத்தது, சுருக்குறது. 200 கேபிக்குள்ள குடுன்னு கேப்பான், உன் ஸ்கேனு 6 எம்பி இருக்கும். ஏன் இருக்கும்? நீ பட்டாவ மேசையில வச்சு, மேசை, மேசை மேல இருந்த டீ கிளாசு, உன் கட்டவெரலு, எல்லாத்தையும் கலர்ல படம் புடிச்சு, அதுக்கு மேல பிடிஎஃப்புன்னு ஒரு உறையப் போட்டிருக்க. நம்ம பக்கம் முந்திரிய எப்படி விப்பான்? கொட்டையோட போட்டா மூட்டை. ஒடைச்சுப் பருப்பாக்குனா அதுல கால் பங்கு, இல்ல கொஞ்சம் கூட. அந்த மாதிரி ஓரத்த வெட்டு, கருப்பு வெள்ளையாக்கு, அப்புறம் கட்டு. பாதி வேலை படம் புடிக்கிறப்பவே முடிஞ்சுடும். ஒண்ணு நெனப்புல வச்சுக்க. ஒடைச்ச கொட்டைய ஒட்ட முடியாது. ஒரிஜினலத் தொடாம தனியா வை.

மறைக்கிறதுல ஒரு கூத்து இருக்கு. ஆதார் நம்பர் மேல கருப்புப் பட்டைய இழுத்து வச்சுட்டு, "மறைச்சுட்டேன் தாத்தா"ங்கிற. எலெக்சன் முடிஞ்சதும் செவுத்துச் சின்னத்து மேல சுண்ணாம்பு அடிப்பானுவ, பாத்திருக்கியா? ஐப்பசி மழை ஒண்ணு அடிச்சா பழைய சின்னம் பல்லக் காட்டிகிட்டு வெளிய வந்துடும். பிடிஎஃப்ல பட்டைக்கு அடியில எழுத்து அப்படியே இருக்கும். தேய்ச்சுக் காப்பி பண்ணி வேற எடத்துல ஒட்டினா மொத்தமும் வரும். டிரம்ப்புக்குத் தேர்தல் வேலை பாத்த பால் மானஃபோர்ட்டோட வக்கீலுங்க 2019 ஜனவரியில கோர்ட்டுக்கு அப்படித்தான் சுண்ணாம்பு அடிச்சுக் குடுத்தாங்க. பத்திரிகைக்காரன் காப்பி பண்ணி ஒட்டினான், மறைச்சது எல்லாம் அன்னைக்கே ஊருக்குத் தெரிஞ்சுபோச்சு. மணிக்கணக்குல கூலி வாங்குற வக்கீலுக்கே அந்தக் கதி. அந்தப் பக்கத்தப் படமா மாத்தி, அதுல கருப்ப அடிச்சு, அதத் திரும்ப பிடிஎஃப் ஆக்கு. செவுத்தச் செதுக்கிட்டுப் பூசுறதுன்னா அதுதான்.

ஆதாருக்கு அந்தப் பாடும் வேணாம். மறைச்ச ஆதார்னு அவங்களே தர்றாங்க, கடைசி 4 நம்பரு மட்டும் தெரியும். 2022 மே 27-ம் தேதி பெங்களூரு ஆதார் ஆபீசு, "கண்டவன்கிட்ட ஆதார் ஜெராக்சக் குடுக்காதீங்க, மறைச்சதக் குடுங்க, பிரவுசிங் சென்டர்ல டவுன்லோடு பண்ணினா அழிச்சுட்டு வாங்க"ன்னு ஒரு நோட்டீசு விட்டுச்சு. நல்ல புத்திமதிதான். ரெண்டு நாளுல, ஜனங்க தப்பாப் புரிஞ்சுக்குவாங்கன்னு சொல்லி டெல்லி அத வாபஸ் வாங்கிடுச்சு. நம்ம ஜில்லா மாதிரியேடா, சேத்துட்டுப் பிரிச்சுட்டாங்க! அந்த ஃபைலுக்குப் பூட்டு வேற இருக்கு. பேருல மொத நாலு எழுத்து, அதுக்கப்புறம் பொறந்த வருசம். எல்லா வீட்டுப் பூட்டுக்கும் சாவிய இப்படித்தான் செய்யிறோம்னு ஊருக்கே சொல்லி வச்சிருக்கு. உன் பேரு ரேஷன் கார்டுல இருக்கு. பொறந்த வருசத்தக் கேக்கு மேல எழுதி நீயே ஸ்டேட்டஸ் போட்டிருக்க.

கடைசியா ஒண்ணு. வருமானச் சான்றுல டிஜிட்டல் கையெழுத்து இருக்கும். அத நீ சேத்தாலும், சுருக்கினாலும், பிரிண்டுல குடுத்து சேவ் பண்ணினாலும் அந்தக் கையெழுத்து செத்துடும். கங்கைகொண்ட சோழபுரத்தக் கட்டினானே ராஜேந்திர சோழன், அவன் திருவாலங்காட்டுச் செப்பேடு 31 ஏடு. ஒரு வளையத்துல கோத்து, அதுல ராச முத்திரைய வச்சுட்டான். நடுவுல ஒரு ஏட்டச் சொருகணும்னா வளையத்த அறுக்கணும். அறுத்த வளையத்துக்கு மரியாதை கெடையாது. ஆயிரம் வருசத்துக்கு முன்னாடி அவனுக்குத் தெரிஞ்சது உனக்குத் தெரியல. ஆக, சேத்த கட்டையும் குடு, கையெழுத்து இருக்குற மூலத்தையும் தொடாம தனியாக் கூடவே அனுப்பு.

புரிஞ்சுதா? போ, வைஃபைய அணைச்சுட்டு முதல்லேர்ந்து செய். அந்த மொத தடவ போனது போனதுதான். பால் கறந்தா காம்புக்குத் திரும்பாது.

*

என்னடா, பேங்க்குக்குப் போயிட்டு வந்துட்டியா? அம்மியில அரைச்சதப் பாத்து என்ன சொன்னாங்க? "ஃபைலு வந்துடுச்சு. அதயே ரெண்டு செட்டு ஜெராக்ஸ் எடுத்துட்டு வாங்க"ன்னாங்களா? சரிதான். அப்புறம்? கடையில பென் டிரைவக் குடுத்த. மொத செட்டு கோணலா விழுந்துச்சு. கடைக்காரன் கசக்கிக் கூடையில போட்டான். நீ பாத்துகிட்டு நின்ன. எடுத்துகிட்டு வரல.

போவட்டும், அந்த வடைய இப்படிக் குடு. ஆறிடப் போவுது. என்னத்துல மடிச்சிருக்கான் இவன்? எண்ணெயில ஊறிப்போயி... இரு, கண்ணாடிய எடு. புல எண்ணு, உட்பிரிவு, வேப்பந்தட்டை வட்டம். எவனோ ஒருத்தன் பட்டாடா இது. கூட ஒரு ஆதாரும். பாவி, 12 நம்பரும் பளிச்சுன்னு தெரியுது, மொளகா ஒட்டின எடத்துல மட்டும்தான் மறைஞ்சிருக்கு. பயப்படாத, உன்னோடது இல்ல. உன்னோடது அடுத்த வாரம் வேப்பந்தட்டைக்கு வடையோட போவும்.

வடைய எலையில வை. காகிதத்த இப்படிக் கொண்டா, அடுப்புல போடுவோம். பார்சிலோனாக்காரன் 2 மணி நேரம் கேட்டான். உங்க பாட்டி அடுப்புக்கு 2 நிமிசம் போதும்.